கடையில் இருவர், பத்திரத்தில் ஒருவர்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குப் போகும் மார்க்கத்தில் இண்டூர் என்னும் ஊர் இருக்கிறது. நீர்வீழ்ச்சியைக் காணச் செல்லும் பிரயாணிகளுக்கு அது பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே தோன்றி மறையும் ஓர் ஊர். சுற்றிலுமுள்ள கிராமத்தாருக்கோ அதுவே கடைவீதி. சுப்பிரமணிய சிவா தமது இறுதி நாட்களைக் கழித்து 1925ஆம் ஆண்டில் உயிர் நீத்த பாப்பாரப்பட்டி இதற்கு அயலூர்தான் என்றால், இடம் இன்னதென்று நேயர்களுக்கு உடனே விளங்கும்.

தருமபுரி ஜில்லாவிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகிறவர் அநேகர். கட்டட வேலையிலும் பனியன் கம்பெனியிலும் சில வருஷம் உழைத்துச் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் தம்பதிகள், இனி என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். கிணற்றில் நீர் இல்லாத நிலத்தை நம்ப முடியாது. சொந்தமாக மளிகைக் கடை வைத்தால் கடன் கேட்காத உறவினர் இல்லை. ஆகவே, பிரசித்தமான ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகையை மாட்டி, அதன் சரக்கை அது குறித்த விலைக்கு விற்றுக் கமிஷன் பெறும் சில்லறைக் கடையை நாடுகிறார்கள். முன்பு ஏஜென்ஸி என்று வழங்கியது இன்று பிரான்சைஸ் என்று வழங்குகிறது. பால் கடை, ஐஸ்கிரீம் கடை, மருந்துக் கடை எனப் பல ரூபங்களில் அது இண்டூர் போன்ற ஊர்களை எட்டியிருக்கிறது.

இக்கடைகளைப் பற்றி நாம் இன்று எழுதுவதற்குக் காரணம் வியாபாரம் அன்று. கடையில் இருவர் உழைக்கின்றனர். கடை யாருடையது என்று தஸ்தாவேஜுகளைப் புரட்டினால் ஒருவர் பெயரே காணப்படுகிறது. இது அற்ப விஷயம் என்று தள்ளிவிடத் தக்கதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

பிறர் பெயரில் கடை நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1925இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய சர்க்கா சங்கம், தனிப்பட்ட வியாபாரிகளுக்குச் சான்றிதழ் கொடுத்துக் கதர் விற்கச் செய்தது. சங்கத்தின் விதிக்கு உட்பட்ட சுத்தமான கதரையே விற்க வேண்டும்; மீறினால் சான்றிதழ் போய்விடும். பெயர் சங்கத்தினுடையது, முதலும் உழைப்பும் வியாபாரியினுடையவை. பிற்காலத்தில் இம்முறையை லாப நோக்கத்துடன் கையாண்டு வெற்றி கண்டவர் பலர். ஆர். ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை இராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலுடன் ஐஸ் செய்யத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த அருண் ஐஸ்கிரீம், பெரிய கம்பெனிகள் பட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் சிறு ஊர்களுக்குச் சென்று, தன் சரக்கை மட்டுமே விற்கும் தனிக் கடைகளை ஏஜெண்டுகள் மூலமாகத் திறந்தது. 2000ஆம் ஆண்டில் சென்னையில் வீணா குமாரவேலும் அவர் கணவர் சி. கே. குமாரவேலும் தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையம் இம்முறையாலேயே ஊர்தோறும் பரவியது. அங்கே பெயரைக் கொடுப்பவர்களே தம்பதிகள்; இருவர் பெயரும் உலகறிந்தவை. பெயரை வாங்கிக் கடை வைக்கும் தம்பதியரின் நிலைமைதான் வேறு.

பால் கடை ஒன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பால் வண்டி விடியுமுன் வருகிறது. கிரேடுகளை இறக்கி எண்ண வேண்டும். ஒழுகிய பாக்கெட்டை அப்போதே காட்டினால் உண்டு, வண்டி போனபின் இல்லை. இதைக் கணவன் பார்க்கிறான். வீடுகளுக்குப் போட்டுவிட்டு அவன் திரும்புவதற்குள் மனைவி சமையலை முடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லாவுக்கு வருகிறாள். பகல் முழுவதும் கடை அவள் கையில். அவன் டிபாசிட் கட்டவும், பாங்கிக்குப் போகவும், டீக்கடைக்காரர்களிடம் பாக்கி வசூலிக்கவும் அலைகிறான். மாலையில் ஐஸ்கிரீமுக்குக் கூட்டம் வரும்போது இருவரும் நிற்கிறார்கள். இரவு கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் அவளே; எந்த வீட்டில் எத்தனை பாக்கெட் பாக்கி என்பது அவள் நோட்டில்தான் இருக்கிறது. மின்சாரம் நின்றால் நடு இரவிலும் பிரீஸரின் கவலை இருவருக்கும் உண்டு.

இதில் லாபம் எங்கிருந்து வருகிறது? பாலில் கிடைக்கும் கமிஷன் சொற்பம். தயிர், நெய், ஐஸ்கிரீம் ஆகியவற்றில் கொஞ்சம் கூடுதல். மாதம் 40,000 ரூபாய் கமிஷன் வருகிறதென்று ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். வாடகை, மின்சாரம், கெட்டுப்போன சரக்கு எல்லாம் 18,000 போனால் மிச்சம் 22,000. மனைவி உட்காரும் இடத்தில் ஓர் ஆளை 12,000 ரூபாய் சம்பளத்துக்கு வைத்தால் மிச்சம் 10,000. விடியற்காலை வேலைக்கு இன்னோர் ஆள் வைத்தால் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்கே திரும்பலாம். ஆக, லாபம் என்று குடும்பம் நினைப்பது, உண்மையில் கொடுக்கப்படாத இரண்டு சம்பளங்களே. கம்பெனிகள் இதை நன்கறியும். ஆள் வைத்து நடத்துபவனைவிடக் குடும்பத்தோடு உட்காருபவனுக்குக் கடை கொடுக்க அவை விரும்புவதன் இரகசியம் இதுதான்.

சர்க்காரும் இதை அறியாமல் இல்லை. தொழிலாளர் கணக்கெடுப்பில் 'குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்' என்றே ஓர் இனம் வகுத்திருக்கிறார்கள். 2022-23ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் இந்த இனத்தினர். உதவுபவராம்! பத்து மணி நேரம் கல்லாவில் இருப்பவள் உதவுகிறவள். பாங்கிக்குப் போய் வருகிறவன் முதலாளி.

இனித் தஸ்தாவேஜுகளைப் பார்ப்போம். கம்பெனியின் ஒப்பந்தம் கணவன் பெயரில். டிபாசிட் ரசீது அவன் பெயரில். கட்டட வாடகைப் பத்திரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கல்லாவின்மேல் நிறுத்தியுள்ள க்யூ.ஆர். அட்டை, அதில் விழும் பணம் போய்ச் சேரும் பாங்கிக் கணக்கு, எல்லாம் அவன் பெயரில். மனைவியின் கையெழுத்து எங்கேதான் இருக்கிறது? பாங்கி ஜாமீன் கேட்டால் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, வேறு நிபந்தனை இல்லாவிடில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரனின் பொறுப்புக்குச் சமம். அதாவது கடன் முழுவதற்கும் அவள் பொறுப்பாளி. லாபத்தில் ஒரு காசுக்கும் அவள் உரிமையாளி அல்லள். டிபாசிட்டுக்காக அடகுக் கடைக்குப் போன நகையோ சட்டப்படி அவளுடையது. ஸ்திரீதனம் மனைவியின் தனிச் சொத்து, கணவன் அதற்குக் காவலாளியே என்று சுப்ரீம் கோர்ட்டு 1985இல் தீர்ப்புச் செய்தது. இடர் காலத்தில் அவன் அதை உபயோகிக்கலாம், ஆயினும் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்று 2024இலும் கூறியது. அந்த நகை கடையாக மாறியபின் அதன் அடையாளம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

"கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் அது கூட்டு வியாபாரம்தானே?" என்று சிலர் எண்ணக்கூடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1932ஆம் ஆண்டு கூட்டு வியாபாரச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, கூட்டு என்பது ஒப்பந்தத்தால் உண்டாவது, உறவு முறையால் உண்டாவது அன்று என்று விதிக்கிறது. அதற்கு உதாரணம் காட்டும்போது இரண்டு பேரைக் குறிப்பிடுகிறது: குடும்ப வியாபாரம் செய்யும் ஹிந்து அவிபக்த குடும்பத்தார், வியாபாரம் செய்யும் பர்மிய பௌத்தக் கணவன் மனைவியர். இவர்கள் அந்த உறவினால் மட்டும் கூட்டாளிகள் ஆகமாட்டார்கள். சட்டம் இயற்றிய காலத்தில் பர்மா இந்தியாவோடு இணைந்திருந்தது, 1937இல் பிரிந்தது. இரங்கூனுக்குக் கப்பல் ஏறிய தலைமுறையே மறைந்துவிட்டது. ஆயினும் நமது சட்டப் புத்தகத்தில் அந்தப் பர்மியத் தம்பதி இன்னும் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பர்மிய வழக்கப்படி தம்பதிகள் சேர்ந்து தேடிய பொருளில் மனைவிக்கும் உரிமை இருந்தது. கூட்டாளி என்ற பெயர் இல்லாவிட்டாலும் பொருளில் பங்கு இருந்தது அவளுக்கு. இண்டூர்த் தம்பதிக்கு அந்த வழக்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

இதன் பலன் கணவன் உயிரோடிருக்கும் வரை தெரிவதில்லை. அவன் திடீரென இறந்துவிட்டால் என்ன நேரும்? கம்பெனி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இவ்வுரிமை இன்னாருக்கே உரியது, பிறருக்கு மாற்றத் தக்கதன்று என்ற ஷரத்து இருக்கும். ஆகவே, பன்னிரண்டு வருஷம் அதே கல்லாவில் உட்கார்ந்தவள் புதிய விண்ணப்பதாரியாகக் கம்பெனியின் முன் நிற்க வேண்டும். கடையில் உள்ள சரக்கும் டிபாசிட்டும் பிரீஸரும் இறந்தவனுடைய சொத்து. உயில் இல்லாவிடில் 1956ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுச் சட்டப்படி விதவைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இறந்தவனின் தாய்க்கும் ஆளுக்கொரு சம பங்கு. தாயும் இரண்டு குழந்தைகளும் இருந்தால் அவளுக்கு நாலில் ஒன்று. முஸ்லிம் குடும்பமாயின், குழந்தைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒன்று. பாதி உழைப்பைத் தந்தவள் பாதிக்கு உரியவளாக வரவில்லை. வாரிசாக வந்து கால் பங்கு பெறுகிறாள். மாமியாரின் கால் பங்கை நாம் குறை கூறவில்லை. கணக்கு முதலில் பாதியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும், மற்றப் பாதியே நாலாகப் பிரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

நியாயஸ்தலங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதும் உண்மை. கணவன் சவூதி அரேபியாவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தைப் பற்றிய வழக்கில், வீட்டைக் காத்த மனைவிக்கும் அதில் சம உரிமை உண்டென்று சென்னை ஐகோர்ட்டு 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. நாம் அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அது இரண்டாவது அப்பீலில் வந்த தீர்ப்பு. வக்கீல் தொழிலை அறிந்தவர்களுக்கு இரண்டாவது அப்பீல் என்றால் எத்தனை வருஷம் என்பது தெரியும். ஒரு பத்திரம் எழுதி முடிக்கக்கூடிய காரியத்துக்கு ஓர் ஆயுளைச் செலவிடுவானேன்?

இது ஸ்திரீகள் விஷயம் மாத்திரம் என்று நினைப்பவர்கள் மருந்துக் கடையைப் பார்க்கட்டும். மத்திய சர்க்கார் 2008இல் தொடங்கிய ஜன் ஔஷதித் திட்டத்தில் 10,000ஆவது கடை 2023 நவம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது. தமிழ்நாட்டு சர்க்கார் 2025 பிப்ரவரி 24ஆம் தேதி 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. மருந்தியல் படித்த தொழில் முனைவோருக்கு 3 லட்ச ரூபாய் மானியம் என்று ஏற்பாடு. இவையும் பிறர் பெயரில் நடக்கும் கடைகளே. இங்கே 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் குறுக்கிடுகிறது: பதிவு பெற்ற மருந்தாளுநர் அன்றி வேறொருவர் வைத்தியர் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாகாது. வீட்டில் படித்தவள் மனைவியாக இருந்தால் கடை அவள் பெயரில் நிற்கிறது. கணவன் பெட்டி இறக்குகிறான், கணக்கு எழுதுகிறான், வாடகைக்கு ஓடுகிறான். தஸ்தாவேஜில் அவன் யாருமில்லை. அவள் மறைந்தால் உறவினர் முன் அவனும் வெறும் வாரிசாகவே நிற்பான். சட்டம் ஆண் பெண் பாராமல் காகிதத்தில் பெயர் இல்லாதவரைத் தள்ளுகிறது. காகிதத்தில் பெயர் விடுபடுவது பெரும்பாலும் பெண்ணுக்கு என்பது நமது வழக்கத்தின் விசேஷம்.

வருமானவரி விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. கணவன் தன் தொழிலிலிருந்து மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், அவளுக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து அதனால் ஈட்டியதாக இல்லாதவரை, அச்சம்பளத்தைக் கணவனுடைய வருமானத்திலேயே சேர்க்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆவது பிரிவு விதித்தது. அதன் இடத்துக்கு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. வரி ஏய்ப்பவரைப் பிடிக்க வைத்த வலை இது. ஆனால் மருந்தாளுநர் பட்டம் பெற்றவளின் உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்ளும் சர்க்கார், பால் கடையில் பத்து மணி நேரம் இருப்பவளின் சம்பளத்தைக் கணவனின் தந்திரமென்று கருதுகிறது.

இதர தேசங்கள் என்ன செய்தன? பிரான்ஸ் தேசத்தில் 1982 ஜூலை 10ஆம் தேதிய சட்டம், கடைக்காரரின் மனைவி அல்லது கணவன் அக்கடையில் உழைத்தால் அவருக்கு மூன்று ஸ்தானங்களில் ஒன்றை வகுத்தது: உடனுழைப்பவர், சம்பளக்காரர், பங்காளி. 2005இல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது கட்டாயமாயிற்று. 2019இல் இன்னும் ஒரு படி மேலே போய், எதையும் பதிவு செய்யாமல் விட்டால் அவரைச் சம்பளக்காரராகவே கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். கவனமாக நோக்குக: பேசாமல் இருந்தால் பிரான்ஸில் மனைவிக்குச் சம்பளம், பேசாமல் இருந்தால் இங்கே அவளுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பிரான்சைஸ் கொடுக்கும் கம்பெனி தன் நிலைமையையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே எழுத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி 1979 முதல் நடைமுறையில் இருக்கிறது. நமது தேசத்தில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. பழைய ஒப்பந்தச் சட்டமே தஞ்சம். அதன் 27ஆவது பிரிவு வியாபாரத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. எனினும் ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் வேறொருவர் சரக்கை விற்காதே என்று தடுப்பது செல்லும் என 1995இல் கோக்க கோலா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆகவே தம்பதிகள் கம்பெனியின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தே தீரவேண்டும். படிக்கிறார்கள் என்று நாம் நம்புவதற்கில்லை.

தம்பதிகளுக்குள் பத்திரமா, அது அமங்கலம் அல்லவா என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பார்கள். கம்பெனியோடு இருபது பக்கம் ஒப்பந்தம் எழுதலாம். வீட்டுக்காரரோடு வாடகைப் பத்திரம் எழுதலாம். அடகுக் கடைக்காரரிடம் மனைவியின் நகைக்குச் சீட்டு வாங்கலாம். அந்த நகைக்காரியோடு எழுதுவது மட்டும் அமங்கலமாகிவிடுகிறது. அண்ணன் தம்பிகள் எழுதாமல் கூட்டு வியாபாரம் செய்து எத்தனை குடும்பங்கள் கோர்ட்டு வாசலில் நின்றன என்பதை ஒவ்வோர் ஊரும் அறியும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கூட்டாளி ஆனால் கடை பட்ட கடன் முழுவதற்கும் மனைவியும் பொறுப்பாளி ஆவாளே, நஷ்டத்தில் அவளை இழுப்பது நியாயமா? இது மறுக்க முடியாத கஷ்டம். கணவனுக்கு வேறு கடன்கள் இருந்தால், அல்லது அவன் சீட்டும் சூதுமாகத் திரிபவனாக இருந்தால், கூட்டில் அவள் சேராமலிருப்பதே நலம். அப்போது அவள் ஜாமீனிலும் கையெழுத்திடக் கூடாது. நகையைக் கொடுத்தால் கடன் சீட்டு வாங்கிக்கொண்டே கொடுக்க வேண்டும். ஜாமீனில் இட்டபின் கூட்டுக்கு அஞ்சுவது, வெள்ளத்தில் இறங்கியபின் குடை தேடுவது போலத்தான்.

பத்திரம் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. யார் எவ்வளவு முதல் போட்டார் என்பதும், நகை போயிருந்தால் அதன் மதிப்பு அவளுடைய முதலாகவும் எழுதப்பட வேண்டும். லாபத்தில் பங்கு விகிதம், மாதந்தோறும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் தொகை, ஒருவர் இறந்தால் மற்றவர் கடையைத் தொடரும் உரிமையும் இறந்தவர் பங்குக்குக் கணக்குத் தீர்க்கும் முறையும் வேண்டும். இருவர் கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். ஆதலால் இந்தக் கடைசி ஷரத்தை விட்டுவிடலாகாது. வரி விஷயத்தை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நலம். பத்திரம் எழுதியபின் கூட்டைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு கட்டாயம் அன்று என்று சிலர் சோம்பியிருப்பார்கள். 69ஆவது பிரிவின்படி, பதிவு பெறாத கூட்டு ஒப்பந்த உரிமைக்காக வெளியார்மீது வழக்குத் தொடர இயலாது. கம்பெனி டிபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் அப்போது தெரியும் அச்சோம்பலின் விலை.

மற்றொன்று பலர் கவனியாதது. பிரான்சைஸ் கடையில் பெயரின் மதிப்பு கம்பெனிக்கே உரியது. ஒப்பந்தம் முடிந்தால் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடும். தம்பதிக்கு மிஞ்சுவது கடை இருக்கும் இடமும், அந்த இடத்துக்கு வந்து பழகிய வாடிக்கைக்காரர்களுமே. இடத்தின் வாடகைப் பத்திரத்தை இருவர் பெயரிலும் வாங்குவது இதனால் முக்கியம். இண்டூர் போன்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் பத்தடி அகலக் கடை கிடைப்பது எளிதன்று. இன்று பால் விற்ற இடத்தில் நாளை வேறு சரக்கை விற்கலாம்.

கம்பெனிகள் இருவர் பெயரில் ஒப்பந்தம் கொடுக்குமா என்றால், கேட்பவர் இல்லாததால் கொடுக்காமலிருக்கின்றன என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் நோயுற்றாலும் இறந்தாலும் கடை மூடாமல் நடக்குமானால் அது கம்பெனிக்கும் லாபந்தானே? ஒப்பந்தம் புதுப்பிக்கும் தருணமே கேட்கத் தக்க தருணம். அன்று கம்பெனிப் பிரதிநிதி காகிதத்தோடு கடைக்கு வருவார். கணவன் பாங்கிக்குப் போயிருப்பான். கல்லாவில் இருப்பவள் அவருக்கு நாற்காலி போட்டு, விற்பனைக் கணக்கை எடுத்து வைப்பாள். கையெழுத்துக்குக் கணவன் வரட்டும் என்று அவர் காத்திருப்பார். கணவன் வந்ததும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, இரண்டாவது பெயரையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லட்டும். அதே வாரத்தில் கூட்டின் பெயரில் ஒரு பாங்கிக் கணக்குத் திறந்து, கல்லாவின்மேல் இருக்கும் க்யூ.ஆர். அட்டையையும் மாற்றிவிடலாம்.